காயாத மண்ணில் ஒரு குருவி

பல் ஆய்வுக்கூடத்தில் 22 ஆண்டுகள் மெழுகில் பல் செதுக்கியவள் நான். மெழுகு அவசரக்காரப் பொருள். சுடரில் காட்டிய கருவியின் நுனியிலிருந்து சொட்டிய கணத்திலேயே இறுகத் தொடங்கிவிடும். கை அதற்கு முன்னால் ஓட வேண்டும். அந்த ஓட்டம் உடம்பில் ஊறிப்போயிருந்த நாட்களில்தான் பாலிமர் களிமண் என் கைக்கு வந்தது. ஒரு குருவியின் உடலைப் பாதி உருட்டியிருந்தபோது வேறு வேலை வந்து எழுந்து போனேன். டப்பாவால் மூடி வைத்திருந்ததை ஒன்பது நாட்கள் கழித்துத் திறந்தால், என் கட்டைவிரல் அழுத்திய குழிகூட அப்படியே இருந்தது. மண் அப்போதும் மெத்தென்றுதான் இருந்தது. அன்றைக்கு இந்தப் பொருள்மேல் உண்டான பிரியம் எனக்கு இன்றுவரை குறையவில்லை.

புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: இந்த மண் காற்றில் காயாது. ஓவனில் வைக்கும்வரை காத்திருக்கும். உருவம் செய்ய எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கவனம் முழுவதும் தேவைப்படுவது அதைச் சுடும் அந்த ஒரு மணி நேரத்தில்.

பெயரில் களிமண் இருந்தாலும் இதில் களிமண் கிடையாது. பிவிசி எனப்படும் பிளாஸ்டிக்கின் மிக நுண்ணிய துகள்கள், அவற்றை இளக்கி வைத்திருக்கும் ஒரு திரவம், நிறமி, நிரப்புப் பொருள்கள் ஆகியவற்றின் கலவை இது. சூடு ஏறும்போது அந்தத் துகள்கள் திரவத்தை உறிஞ்சி உப்பி ஒன்றோடொன்று உருகி இணைகின்றன. காய்வது வேறு, இப்படி இணைவது வேறு. இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்குத் தானாகவே விடை கிடைத்துவிடும். இது கலைக்கென்று பிறந்த பொருளும் அல்ல. இந்த மண்ணின் பெயர்பெற்ற வகைகளில் ஒன்றான ஃபிமோவின் மூலக்கலவை 1939இல் ஜெர்மனியின் பொம்மைத் தயாரிப்பாளர் கேத்தே குரூஸேயிடம் பொம்மைத் தலைகள் செய்வதற்காக வந்தது. அவருடைய தொழிற்கூடத்துக்கு அது சரிப்படவில்லை. ஃபிஃபி என்று வீட்டில் அழைக்கப்பட்ட மகள் சோஃபிதான் அதைக் கைவினைக்கு எடுத்துக்கொண்டார். 1964இல் அது எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனத்துக்குக் கைமாறியது. ஸ்கல்பி என்ற அமெரிக்க வகையோ, மின்மாற்றிகளிலிருந்து வெப்பத்தை வெளியே கடத்துவதற்காக உருவாக்கப்பட்டது. அந்த வேலைக்கு உதவாமல் போனதால்தான் நம் கைக்கு வந்து சேர்ந்தது.

எதை வாங்குவது

எல்லாப் பாலிமர் களிமண்ணும் ஒன்றல்ல. ஸ்கல்பி 3 பிசைய மிக எளிது; ஆனால் சுட்ட பிறகு மெல்லிய பகுதிகள் ஒடிந்துவிடும். வால், அலகு, விரல் போன்றவற்றை அதில் செய்துவிட்டு வருந்த வேண்டாம். ப்ரீமோ, ஃபிமோ புரொபஷனல் ஆகியவை சற்று இறுக்கமானவை. சுட்டபின் வளைந்துகொடுக்கும் வலிமை உள்ளவை. கேட்டோ இன்னும் கடினம், முதல் நாளில் விரலை வலிக்கச் செய்யும். தொடங்குகிறவர்களுக்கு நான் ப்ரீமோவைத்தான் சொல்வேன். இளகி ஓடாது, விரலோடு சண்டையும் போடாது.

நிறங்களில் ஆசை வைக்க வேண்டாம். வெள்ளை, கறுப்பு, அடர்பழுப்பு, காவிமஞ்சள் ஆகிய நான்கு போதும். ஒரு சிட்டுக்குருவிக்குத் தேவையான எல்லா நிறமும் இவற்றில் பிறக்கும். வாங்கும்போது உறையின் மேலாகக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், லேசாக அமுங்க வேண்டும். கல்லைப்போல் நின்றால், அது எங்கோ வெயிலிலோ வெப்பத்திலோ கிடந்து பாதி இறுகிவிட்ட மண்.

கருவிகளுக்குப் பெரிய பட்டியல் இல்லை. வழவழப்பான ஒரு செராமிக் டைல், நீளமான மெல்லிய பிளேடு, உருட்டுவதற்கு அக்ரிலிக் உருளை அல்லது கண்ணாடிக் குப்பி, தடித்த தையல் ஊசி, பின்னல் ஊசி, நுனியில் சிறு குண்டு உள்ள ஒரு கருவி, பழைய பல்துலக்கி. பல் ஆய்வுக்கூடத்தில் மெழுகு செதுக்கும் கருவிகள் எங்காவது கிடைத்தால் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை இலைபோலவும் மறுமுனை சிறு கரண்டிபோலவும் இருக்கும் அந்த ஒன்றே ஐந்து கருவிகளின் வேலையைச் செய்யும். நான் இன்றும் முக்கால்வாசி வேலையை அதில்தான் முடிக்கிறேன்.

வார்னிஷ் பூசிய மேசைமேல் நேரடியாக மண்ணை வைக்காதீர்கள். இளக்கித் திரவம் பூச்சை அரித்துவிடும். கண்ணாடிபோல் தெளிவான, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் பாலிஸ்டைரீன் டப்பாக்களிலும் மண்ணைச் சேமிக்கக் கூடாது. அவை இளகிக் குழைந்துபோகும். பாலிப்ரொப்பிலீன் டப்பா பாதுகாப்பானது. அதன் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கும். இந்த வேலைக்கு எடுத்த எந்தக் கருவியும் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. சுட்டெடுத்த பொருளிலும் உண்ணவோ பருகவோ கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பிசைதல்

உறையிலிருந்து எடுத்தவுடன் உருவம் செய்யத் தொடங்குவதுதான் தொடக்க நாட்களில் எல்லோரும் செய்யும் பிழை. மெத்தென்று இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் கடையில் இருந்த காலத்தில் உள்ளே இருக்கும் திரவம் ஒரே சீராக நின்றிருக்காது. அதை மறுபடியும் எங்கும் பரவச் செய்யத்தான் பிசைகிறோம். பிசையாத மண்ணில் செய்த பொருள், சுட்டபின் பிசையாத இடத்தில்தான் உடையும்.

பிளேடால் மெல்லிய சீவல்களாக நறுக்கி, உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்துச் சூடாக்குங்கள். உடம்புச் சூடே போதும். பிறகு அழுத்தி, உருட்டி, நீட்டி, மடித்து, மறுபடி அழுத்துங்கள். ஐந்து முதல் பத்து நிமிடங்கள் ஆகும். தகடாகத் தட்டி இரண்டாக மடித்துப் பாருங்கள். மடிப்பின் வெளிவிளிம்பில் வெடிப்பு தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. வழுவழுப்பாக வளைந்தால் தயார். மடிக்கும்போது உள்ளே காற்றைச் சிறைப்படுத்தாமல், ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு ஒட்டிக்கொண்டே போங்கள். அந்தக் காற்றுக்குமிழிதான் பின்னால் அடுப்பில் கொப்புளமாக எழும்பும்.

கை சூடானவர்களுக்கு மண் ஒரேயடியாக இளகிவிடும். இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு இடையில் தகடாகப் பரப்பி மேலே ஒரு புத்தகத்தை வைத்துவிடுங்கள். சில மணி நேரத்தில் தாளில் எண்ணெய்க்கறை போலத் திரவம் இறங்கியிருக்கும்; மண் கொஞ்சம் இறுகியிருக்கும். மாறாக மண் உதிர்ந்தால், திரவப் பாலிமர் களிமண்ணில், அதாவது திரவ வடிவிலேயே விற்கும் இதே மண்ணில், ஒரு சொட்டு சேர்த்துப் பிசையுங்கள்.

எப்போதும் வெள்ளையை முதலில் பிசையுங்கள், கறுப்பைக் கடைசியில். விரல் ரேகைக்குள் தங்கிய கறுப்பு, கழுவிய பிறகும் வெள்ளையைச் சாம்பலாக்கும். கம்பளி ஆடை வேண்டாம். அதன் இழைகள் வெள்ளை மண்ணில் ஒட்டினால் ஊசியால் ஒவ்வொன்றாகப் பிடுங்க நேரும்.

உடல்

முதல் உருவமாகக் குருவியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குளிருக்கு உடம்பைச் சிலிர்த்து உட்கார்ந்திருக்கும் குருவிக்குக் கால் தெரியாது, கழுத்தும் இல்லை. தொடக்கத்தில் நம்மைத் தோற்கடிக்கும் இரண்டும் அங்கே இல்லாமல் போகின்றன. மனித முகம் ஆறு மாதம் காத்திருக்கட்டும்.

முழு உடலையும் மண்ணிலேயே செய்யாதீர்கள். தடித்த கட்டி அடுப்பில் வெளியே முதலிலும் உள்ளே பின்னாலும் சூடாகும், அந்த இழுபறியில் வெடிக்கும். அலுமினியத் தாளைக் கசக்கி, கோழிமுட்டையைவிடச் சற்றுச் சிறிய முட்டை வடிவமாக்குங்கள். கசக்கினால் மட்டும் போதாது. மேசையில் வைத்துக் கரண்டியின் முதுகால் தட்டித் தட்டி உருட்டி, கட்டைவிரலால் அழுத்தினாலும் அமுங்காத அளவுக்கு இறுக்க வேண்டும். இடைவெளி விட்ட தாளுக்குள் இருக்கும் காற்றுதான் என் இரண்டாவது குருவியின் முதுகைப் பிளந்தது.

இப்போது மண்ணை 5 மில்லிமீட்டர் கனத்தில் தகடாக உருட்டி அந்த முட்டையின்மேல் போர்த்துங்கள். இணையும் இடங்களில் மிகுதியை வெட்டி, விரலால் தேய்த்துத் தையல் தெரியாமல் செய்யுங்கள். எங்காவது உப்பியிருந்தால் ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றி மூடிவிடுங்கள். எல்லா இடத்திலும் கனம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும்.

தலை ஒரு உருண்டை. உடலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். இணைக்கும் இரண்டு பரப்பிலும் ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, நடுவில் ஒரு சிறு கம்பித் துண்டைச் செருகி அழுத்துங்கள். பிறகு தலையின் மண்ணைக் கீழ்நோக்கியும் உடலின் மண்ணை மேல்நோக்கியும் இழுத்துக் கலந்துவிடுங்கள். மேலோட்டமாக ஒட்டவைத்த தலை சுட்டபின் ஒரு நாள் கையோடு வந்துவிடும். வால் ஒரு தட்டையான பட்டை. அலகு ஒரு சிறு கூம்பு. குருவியின் அலகு குட்டையானது, அடியில் தடித்தது. அதைக் கூர்மையாக நீட்டினால் வேறு பறவையாகிவிடும்.

இந்த இடத்தில் நிறுத்துங்கள். இறகு, கண் எதுவும் வேண்டாம். நான் வேலை கற்றுக்கொண்ட மூத்த தொழிலாளி ஒருவர், பல்லின் வடிவம் முடிந்தது என்று நான் நீட்டும்போதெல்லாம் மேல்விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் ஒரு சிறு விளக்கை மட்டும் விடுவார். மேலிருந்து பார்த்தபோது சரியாக இருந்த பல், அந்த வெளிச்சத்தில் எங்கே வீங்கியிருக்கிறது, எங்கே குழிந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். குருவிக்கும் அதையே செய்யுங்கள். டைலைக் கால்வட்டம் கால்வட்டமாகத் திருப்பி, ஒவ்வொரு பக்கத்திலும் நிழலின் விளிம்பைப் பாருங்கள். கண்ணாடியில் காட்டுங்கள். தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். வெறும் கருநிழலாகத் தெரியும்போதே குருவி என்று சொல்ல முடிய வேண்டும். அது வராத உருவத்துக்கு ஆயிரம் இறகு வரைந்தாலும் உயிர் வருவதில்லை. எனக்கு முதல் குருவியில் இந்தக் கட்டம் மட்டும் நான்கு மாலைகள் எடுத்தது. மண்தான் காத்திருக்குமே.

கண்ணும் இறகும்

கண்ணுக்கு 2 மில்லிமீட்டர் கறுப்புக் கண்ணாடி மணி. கண்ணாடி இந்தச் சூட்டைத் தாங்கும், ஆகவே மண்ணோடு சேர்த்தே சுடலாம். இடம் முக்கியம். குருவியின் கண் அலகு தொடங்கும் மூலைக்குச் சற்றுப் பின்னால், சற்று மேலே இருக்கிறது. முதலில் குண்டுக் கருவியால் ஒரு குழி செய்து, மணியைப் பாதிக்கு மேல் புதையும்படி அழுத்துங்கள். மேலே ஒட்டவைத்த கண் பயந்து விழித்துக்கொண்டிருப்பதாகத் தெரியும். பிறகு தலைமயிர் கனத்துக்கு ஒரு மண் இழையை உருட்டி, மணியைச் சுற்றி இமையாக வைத்து ஊசியால் ஒட்டிவிடுங்கள். இமை வந்ததும் குருவி நம்மைப் பார்க்கத் தொடங்கும். எத்தனை முறை செய்தாலும் அந்தக் கணத்தில் என் கை சற்று நின்றுவிடுகிறது.

கண் வைத்த உடலை ஒருமுறை சுட்டுவிட்டு, அதன்மேல் இறகுகளைச் சேர்த்து மறுபடி சுடலாம். பாலிமர் களிமண்ணை எத்தனை முறை வேண்டுமானாலும் சுடலாம் என்பது தொடங்குகிறவர்களுக்குப் பெரிய வரம். இறகு வைக்கும் அவசரத்தில் தலையை நசுக்கும் ஆபத்து இல்லை. சுட்ட பரப்பில் புது மண் தானாக நன்றாகப் பிடிக்காது. இடையில் திரவக் களிமண்ணை மெல்லிய படலமாகத் தடவுங்கள்.

சிறகின் நீண்ட இறகுகளைத் தனித்தனிப் பட்டைகளாக, ஒரு மில்லிமீட்டர் கனத்தில் வெட்டி, வால் பக்கத்திலிருந்து தலைப்பக்கமாக அடுக்குங்கள். கூரை ஓடு வேய்வதைப்போல, முன்னால் உள்ளது பின்னால் உள்ளதன் வேரை மூட வேண்டும். ஊசியால் நேரடியாகக் கோடு கிழித்தால் இருபுறமும் பிசிறு எழும்பும். மண்ணின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைப் போர்த்தி அதன் மேலாக அழுத்திக் கோடு போட்டால் கோடு மென்மையாக விழும். வயிற்றுக்குக் கோடே வேண்டாம், பல்துலக்கியால் ஒற்றி எடுத்தால் போதும்.

ஆண் குருவி என்றால் உச்சி சாம்பல், பிடரி செம்பழுப்பு, கன்னம் வெளுப்பு, தொண்டையில் ஒரு கறுப்புத் திட்டு. பெண் குருவிக்கு இவை எதுவும் இல்லை. கண்ணுக்குப் பின்னால் வெளிர்மஞ்சளாக ஒரு கோடு ஓடும், மற்றதெல்லாம் மங்கிய பழுப்பு. எனக்குப் பெண் குருவிதான் பிடிக்கும். நிறம் கைகொடுக்காதபோது வடிவம் தன் முழு வேலையையும் செய்தாக வேண்டியிருக்கிறது.

விரல் ரேகைகளை நீக்க, சுடுவதற்கு முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த தூரிகையால் மெல்ல வருடுங்கள். அது எளிதில் தீப்பிடிக்கும் பொருள். முற்றிலும் ஆவியாகும்வரை அடுப்புப் பக்கமே போகக் கூடாது. விரல்நுனியில் சிறிது சோளமாவைத் தொட்டுக்கொண்டு தேய்ப்பதும் பலன் தரும்.

சுடுதல்

ஓவனுக்கென்று தனி வெப்பமானி ஒன்று வாங்குங்கள். உருளையை விடவும் பிளேடை விடவும் அது முக்கியம். பல் ஆய்வுக்கூடத்தின் பீங்கான் உலையில் சூடு கொஞ்சம் பிசகினாலும் பல்லின் நிறமும் பளபளப்பும் மாறிவிடும். அந்தப் பயம் எனக்குள் இருந்தும், வீட்டு ஓவனின் குமிழைச் சுலபமாக நம்பிவிட்டேன். 130 என்று திருகியிருந்தபோது உள்ளே 155 இருந்திருக்கிறது. நான்கு மாலைகள் பார்த்துப் பார்த்துச் செய்த குருவியின் வால் கருகிப்போனது. அன்றிரவு அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சூடு எவ்வளவு என்பதை உறையில் அச்சிட்டிருப்பார்கள், அதையே பின்பற்றுங்கள். ஃபிமோவுக்கு 110 டிகிரி செல்சியஸ், ப்ரீமோவுக்கு ஏறக்குறைய 130, கேட்டோவுக்கு 150. ப்ரீமோவில் ஒவ்வொரு 6 மில்லிமீட்டர் கனத்துக்கும் 30 நிமிடம் கணக்கு. நான் குருவியை முழுதாக ஒரு மணி நேரம் வைக்கிறேன். சரியான சூட்டில் நேரம் கூடினால் கெடுதல் இல்லை. துகள்கள் இன்னும் நன்றாக இணையும். சூடு குறைந்தால் எத்தனை மணி நேரம் வைத்தாலும் இணைப்பு முழுமையடையாது. வெளியே கெட்டியாகத் தெரிந்தாலும் தட்டினால் உதிரும்.

டைலின்மேல் ஒரு வெள்ளைத் தாள், அதன்மேல் குருவி. தாள் இல்லாவிட்டால் அடிப்பகுதியில் கண்ணாடிபோல் ஒரு மினுமினுப்பு ஏறிவிடும். அலுமினியத் தாளைக் கூடாரமாக மடித்து மேலே கவிழ்த்துங்கள், சூடாக்கும் கம்பியின் நேர்வெப்பம் வாலைத் தொடாது. முதலில் ஓவனைச் சூடாக்கி, வெப்பமானி அசையாமல் நின்ற பிறகே நடுத்தட்டில் வையுங்கள். மைக்ரோவேவில் ஒருபோதும் வேண்டாம்.

சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். 175 டிகிரியைத் தாண்டினால் பிவிசி சிதையத் தொடங்கி ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடும். மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். மண் கருகும் நெடி வந்தால் ஓவனை அணைத்து, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, அறையை விட்டு வெளியேறுங்கள். பொருளைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். வீட்டில் கூண்டுப்பறவை இருந்தால் சுடும் அறையிலிருந்து தொலைவாக வையுங்கள். நம்மைவிடப் பறவைகளின் நுரையீரலுக்கு நச்சுப்புகை வேகமாக ஏறும்.

நேரம் முடிந்ததும் தொட்டுப் பார்க்கும் ஆவல் வரும். சூடாக இருக்கும்போது அது இளகித்தான் இருக்கும், வேகவில்லை என்று பயப்பட வேண்டாம். அணைத்து, கதவைச் சற்றே திறந்துவைத்து, தானாக ஆறவிடுங்கள். ஒவ்வொரு முறையும் குருவியோடு 2 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பட்டையையும் சேர்த்துச் சுடுங்கள். ஆறியபின் அதை வளைத்துப் பாருங்கள். வளைந்துகொடுத்தால் குருவியும் உறுதி. சட்டென்று முறிந்தால் சூடோ நேரமோ போதவில்லை. குருவியை மறுபடி சுடலாம்.

வெடிப்பு விழுந்தால் தூக்கி எறிய வேண்டாம். புது மண்ணைத் திரவக் களிமண்ணில் குழைத்து வெடிப்புக்குள் திணித்து, மேலே சமப்படுத்தி, மீண்டும் சுடுங்கள். என் இரண்டாவது குருவியின் முதுகை அப்படித்தான் மூடினேன். அந்த இடத்தில் இப்போது இரண்டு இறகுகள் இருக்கின்றன.

கடைசி வேலைகள்

வழவழப்பு வேண்டிய இடங்களை 400, 600, 1000 என்ற வரிசையில் நீர் உப்புத்தாளால் தேய்க்கலாம். தண்ணீருக்குள் வைத்தே தேயுங்கள், தூள் மூச்சுக்குள் போகாது. இறகுள்ள உருவத்தில் இந்த வேலை அதிகம் இருக்காது.

அக்ரிலிக் வண்ணத்தில் அடர்பழுப்பைத் தண்ணீராகக் கரைத்து முழுவதும் பூசி, உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பள்ளங்களில் மட்டும் நிறம் தங்கி, அதுவரை கண்ணுக்குத் தெரியாத கோடுகளெல்லாம் எழுந்து வரும். நகப்பூச்சை மேல்பூச்சாகப் பயன்படுத்தாதீர்கள். வாரங்கள் கழித்துப் பிசுபிசுக்கத் தொடங்கும். தெளிக்கும் வார்னிஷ்கள் பலவும் அப்படித்தான். நீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் நல்லது. ஆனால் குருவிக்கு அதுவும் வேண்டாம், இறகு மின்னக் கூடாது. கண்ணில் வண்ணமோ தூசியோ படிந்திருந்தால் துடைத்துவிட்டு, அந்த மணியின்மேல் மட்டும் ஒரு சொட்டு.

முதல் குருவி முடிந்ததும் பூனைக்கோ யானைக்கோ தாவாதீர்கள். இன்னொரு குருவியையே செய்யுங்கள், அதே அளவில், அதே இருப்பில். அளவு மாறாததால் எங்கே கை மாறியது என்பது பக்கத்தில் வைத்ததும் தெரியும். சுடுவதற்கு முன் ஊசியால் அடிவயிற்றில் வரிசை எண்ணையும், வெப்பமானி காட்டிய சூட்டையும், நிமிடங்களையும் எழுதிவிடுங்கள். என் மேசையில் இருக்கும் கருகிய வால்காரியின் வயிற்றில் எதுவும் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் குருவியின் வயிற்றில் ‘14, 130, 60’ என்று இருக்கிறது.